பண்டிகை முடிந்த மறுநாள் தொடங்குங்கள்: பால்வாடிக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சர்களுக்கு

டிசம்பர் பிறந்தால் போதும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த டீச்சர்களிடமிருந்து எனக்குப் போன் வந்துவிடும். "அக்கா, பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகளை என்ன பண்ண வைக்கிறதுங்க? டான்ஸா, மாறுவேடமா?" நான் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். விழா நாளுக்குக் கொஞ்சமாக ஏதாவது செய்துகொள்ளுங்கள். லீவு முடிந்து மையம் திறக்கிறீர்களே, அந்த நாளுக்குத்தான், பிள்ளைகள் பார்த்த பண்டிகையைத் தாங்களாகவே விளையாட, நிறைய ஏற்பாடு வேண்டும்.

இதை நான் யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் மூன்று வாரம் ஒரு பாட்டைப் போட்டுப் போட்டுப் பிள்ளைகளை ஆட வைத்தேன். விழா அன்று பட்டுப்பாவாடை ஜரிகை இடுப்பில் குத்தி ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் அழுதார்கள். பொங்கல் லீவு முடிந்து வந்ததும் தோரணம், கோலம், பானை எல்லாவற்றையும் கழற்றி மூட்டை கட்டிவிட்டேன். அன்று மத்தியானம் திண்ணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று கல், அதன் மேல் ஒரு நசுங்கின டம்ளர். ஒருத்தன் நோட்டைச் சுருட்டி ஊதாங்குழல் மாதிரி ஊதிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைக் கசக்கி, "புகை வருது, மெதுவா ஊது" என்றாள். நான் பானையை மூட்டை கட்டின அன்றைக்குத்தான் அவர்களுக்குப் பொங்கல் தொடங்கியிருந்தது.

யோசித்துப் பார்த்தால் இது சாதாரண விஷயம். மூன்று வயதுப் பிள்ளைக்குப் போன பொங்கலின்போது இரண்டு வயது. அதற்கு அந்தப் பொங்கல் நினைவிருக்காது. டிசம்பரில் பானையைக் கையில் கொடுத்தால் கரண்டியால் தட்டிக் கொட்டடிக்கும். அதே பிள்ளை நான்கு நாள் வீட்டிலும் பாட்டி ஊரிலும் பார்த்ததை எல்லாம் மனசில் சுமந்துகொண்டு திரும்பி வரும்போது, அதே பானை அடுப்பேறிவிடும். பிள்ளைகள் பார்த்ததைத்தான் விளையாடுவார்கள். அதனால் பண்டிகை முதலில், விளையாட்டு அப்புறம்.

பாவனை விளையாட்டு என்று பயிற்சியில் சொல்வது வேறொன்றும் இல்லை, நாம் சின்ன வயதில் சொப்பு வைத்து ஆடிய அம்மா அப்பா விளையாட்டும், மண்ணைக் குழைத்துச் சோறாக்கியதும்தான். பிள்ளைத்தமிழ்ப் பருவங்களில் சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும் இருக்கின்றன. மணலில் கட்டின சின்ன வீட்டையும் கையிழுப்புத் தேரையும் பாட்டில் ஏற்றிவைத்த மொழி நம்முடையது. ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933-ல் பேசிய ஒரு உரையில், விளையாடும்போது குழந்தை தன் வயதையும் தாண்டி நிற்கிறது என்றார். சாதாரண நேரத்தில் அரை நிமிடம் சும்மா நிற்காத பையன், "நீ கடைக்காரன், ஆள் வர்ற வரைக்கும் இங்கயே நில்லு" என்று கூட்டாளி சொன்னால் ஐந்து நிமிடம் நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

மேலிருந்து வருகிறவர்கள் "என்ன இது, வெறும் விளையாட்டாவே இருக்கு?" என்று கேட்டால் தயங்க வேண்டாம். 2013-ன் தேசிய முன்பருவக் குழந்தைக் கல்விக் கொள்கையும் விளையாட்டு வழியேதான் கற்பிக்கச் சொல்கிறது, மூன்று முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு 2022-ல் வந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் அதையேதான் சொல்கிறது. தைரியமாகச் சொல்லுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். நான் இருப்பது திருப்பூர்ப் பக்கம். அதனால் பொங்கலையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பண்டிகைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: வீட்டில் கேட்பது

பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால், பிள்ளையை அழைத்துப் போக வருகிறவர்களிடம் நின்றவாக்கில் பேசுங்கள். "நீங்க பொங்கல் கும்பிடுவீங்களா?" என்று கேட்காதீர்கள். அது மதத்தைக் கேட்கிற மாதிரி ஆகிவிடும், சிலர் சுருங்கிப் போவார்கள். "இந்த லீவுல எங்க போறீங்க? பாப்பா எதை ஆசையாப் பார்க்கும்?" என்று கேளுங்கள். வருகிற பதிலை ஒரு நோட்டில் பெயருக்கு நேராக எழுதிவையுங்கள்.

என் நோட்டில் ஒரு வருடம் இருந்தவை இவை: ஆவாரம்பூவும் வேப்பிலையும் பூளைப்பூவும் சேர்த்து வாசலில் காப்புக் கட்டுவது. மாட்டுக்குக் கொம்பில் பெயிண்ட் அடிப்பது. பட்டிப் பொங்கலில் "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று கத்துவது. பூப்பறிக்கப் போவது. ராத்திரி பஸ்ஸில் மடியில் தூங்கிக்கொண்டே மதுரைக்குப் போவது. பீகாரிலிருந்து பனியன் கம்பெனிக்கு வந்த ஒரு அப்பா, எங்கேயும் போவதில்லை என்றார். அவர் மகன் பார்க்கப்போவது பூட்டிக் கிடக்கும் லைன் வீடுகளையும் காலியான தெருவையும்தான். அதையும் எழுதினேன். லீவு முடிந்து வந்ததும் அவன் கதவைப் பூட்டிப் பூட்டித் திறந்துகொண்டே இருந்தான். ஏன் என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

இன்னொன்றையும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் பண்டிகை இருக்காது. தாத்தாவோ பாட்டியோ போயிருக்கும். அந்தப் பிள்ளையிடம் எல்லார் முன்னாலும் "உங்க வீட்ல என்ன பலகாரம் செஞ்சாங்க?" என்று கேட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். அந்தக் குழந்தை தலையைக் குனிந்துகொண்டதை இன்றைக்கு நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது.

இரண்டாவது: ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுப்பது

பொங்கல் முழுவதையும் கொண்டுவர வேண்டாம். பானை பொங்குவது, மாட்டைக் குளிப்பாட்டுவது, பூப்பறிப்பது, பண்டிகைச் சந்தை, இதில் ஏதாவது ஒன்று. முதல் வருடம் சந்தையை எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பொங்கல் வைக்காத வீட்டுப் பிள்ளையும் சந்தையைப் பார்த்திருக்கும். கடைக்காரர், வாங்குகிறவர், மூட்டை தூக்குகிறவர், டீக்கடைக்காரர் என்று எத்தனை பேர் வந்தாலும் வேலை இருக்கும். சாமி கும்பிடுகிற விஷயமும் இதில் இல்லை.

மூன்றாவது: சாமான் சேர்ப்பது

இங்கே கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன், ஏனென்றால் காசு வீணாவது இங்கேதான். கடையில் விற்கும் பிளாஸ்டிக் கிச்சன் செட்டில் பர்கரும் பீட்சாவும் இருக்கும், நம் பிள்ளைக்கு அதை வைத்து ஒரு கதையும் வராது. வீட்டில் புழங்கி ஓரம்கட்டின பொருள்தான் வேண்டும். ஒரு வாரம் வாசலில் ஒரு கூடை வைத்து, "வேண்டாத கரண்டி, மூங்கில் கூடை, முறம், பழைய செல்போன், மஞ்சப்பை இருந்தால் போடுங்க" என்று சொன்னால் நிரம்பிவிடும். அம்பாசமுத்திரத்து மரச் சொப்பு கிடைத்தால் ஒரு செட் வாங்கிவையுங்கள், வருடக்கணக்கில் உழைக்கும்.

காய்க்கு நிஜப் பூசணிக்காயும் தேங்காயும் வையுங்கள். இரண்டு வாரம் கெடாது, இரண்டு கையாலும் தூக்கும்போது அதன் கனம் பிள்ளைக்குத் தெரியும். சேனைக்கிழங்கு வேண்டாம், அரிக்கும். தக்காளி, கத்தரிக்காயைத் துணியில் பஞ்சடைத்துத் தைத்துக்கொள்ளலாம். தராசு பழைய இரும்புக்கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் துணி மாட்டும் ஹேங்கரில் இரண்டு பக்கமும் சிரட்டை கட்டித் தொங்கவிடுங்கள். பணத்துக்கு அட்டைத் துண்டு, பழைய பஸ் டிக்கெட் போதும்.

பானைக் காட்சியை எடுப்பவர்களுக்கு ஒரு யோசனை. நிஜச் செங்கல் காலில் விழும், செருப்பு வரும் அட்டைப் பெட்டிக்குப் பழுப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். தீக்கு ஆரஞ்சு நிறக் காற்றாடித் தாள். பானைக்குள் ஒரு வெள்ளை வேட்டித் துண்டைச் சுருட்டிவைத்து, ஒரு பிள்ளை அதை மெதுவாக மேலே இழுத்து விளிம்பில் வழியவிட வேண்டும். முதல் தடவை அந்தத் துணி வழிந்தபோது சொல்லிக்கொடுக்காமலே பதினெட்டுப் பேரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள். சமையலறையிலிருந்து ஆயா ஓடிவந்துவிட்டார்.

இடம் பெரிதாக வேண்டாம். ஆறுக்கு ஆறு அடிப் பாய் விரிக்கிற மூலை, நடைபாதையில் இல்லாமல். இரண்டு பக்கம் பழைய சேலையைக் கட்டிவிட்டால் அது அவர்கள் இடம் ஆகிவிடும்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். குன்றிமணியை உள்ளேயே கொண்டுவரக் கூடாது. பிள்ளையார் பொம்மைக்குக் கண் வைக்க வாங்குவார்கள், சிவப்பும் கறுப்புமாகப் பிள்ளையை இழுக்கும், கடித்து மென்றால் கொடிய விஷம். புளியங்கொட்டை, நாணயம், பட்டன் பேட்டரி எதுவும் மூன்று வயதுப் பிள்ளைகள் இருக்கிற அறையில் தரையில் கிடக்கக் கூடாது. வாங்கி வைத்த பழைய செல்போன்களிலிருந்து முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். முழு நிலக்கடலை, கரும்புத் துண்டு இரண்டும் தொண்டையில் சிக்கும், அதனால் கரும்பு பார்க்கவும் தொடவும் மட்டும். பலூன் தோரணம் வேண்டவே வேண்டாம், வெடித்த துண்டை வாயில் போட்டு உறிஞ்சினால் மூச்சடைத்துவிடும்.

நான்காவது: விளையாட்டுக்கு முன்னால் ஒரு நிஜ வேலை

மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். குழந்தைக்குப் பாவனையைவிட நிஜ வேலைதான் பிடிக்கும் என்பது அவர் கட்சி. நான் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். காலையில் அரை மணி நேரம் கையால் செய்கிற வேலை ஒன்று, அப்புறம் விளையாட்டு. காலையில் செய்த வேலை விளையாட்டுக்குள் தானாக நுழைந்துவிடும்.

சந்தைக்கு நான் வைப்பது படியும் ஆழாக்கும். ஒரு பெரிய தாம்பாளத்தில் அரிசி, நடுவில் படி, ஆளுக்கொரு ஆழாக்கு. எட்டு ஆழாக்கு கொட்டினால் படி நிறையும். "எத்தனை தடவை கொட்டினால் நிறையும்?" என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். முதல் நாள் சிந்துவார்கள். மூன்றாம் நாள் விரலால் தலைதட்டி அளக்கிற பிள்ளை ஒன்று வரும், அது பாட்டி வீட்டில் பார்த்ததாக இருக்கும். அன்றைக்கே அது சந்தையில் அரிசிக்கடை போட்டுவிடும். சிந்தின அரிசியைக் கூட்டி அள்ளவும் சின்னத் துடைப்பமும் முறமும் கொடுங்கள். கூட்டுவதையும் பிள்ளைகள் ஆசையாகச் செய்வார்கள்.

ஐந்தாவது: விளையாட்டு நேரத்தில் நீங்கள் எங்கே இருப்பது

நேரத்தைத் தாராளமாக விடுங்கள். "நீ கடை, நான் அம்மா" என்று பிரித்துக்கொள்ளவே முதல் பத்து நிமிடம் போய்விடும். கால் மணி நேரத்தில் மணி அடித்தால் விளையாட்டு தொடங்கும்போதே முடிந்துபோகும். நாற்பது நிமிடமாவது வேண்டும். இரண்டரை, மூன்று வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் தனித்தனியாகத்தான் ஆடுவார்கள், சேர்ந்து ஆடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். நான்கு வயதுக்கு மேல் தானாகச் சேர்வார்கள்.

முதல் இரண்டு நாள் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் உள்ளே போகலாம், ஆனால் டீச்சராகப் போகக் கூடாது. "இது என்ன கலர்? இது எத்தனை?" என்று கேட்டால் அந்த நிமிடமே சந்தை கலைந்து வகுப்பாகிவிடும். பையை மாட்டிக்கொண்டு வாங்குகிறவராகப் போங்கள். போன வருடம் நான் போனபோது நடந்தது இது.

"தக்காளி கிலோ என்னங்க?"

"நூறு ரூபாய்ங்க." நான்கு வயதுக் கடைக்காரர், முகத்தில் சிரிப்பே இல்லை.

"அவ்வளவா? கொறைச்சுக் குடுங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, இருநூறு குடுங்க."

"என்கிட்ட சில்லறை இல்லீங்களே."

பக்கத்துக் கடைப் பெண் உடனே ஒரு அட்டையை நீட்டினாள். "ஜிபே பண்ணுங்க." நான் உள்ளங்கையை அட்டைக்கு நேராகக் காட்டினேன். அவள் குரலை மாற்றி, கடைகளில் பெட்டி பேசுமே, அதே மாதிரி, "பத்து ரூபாய் பெறப்பட்டது" என்றாள்.

இருநூறுக்குப் பத்து வந்ததை நான் திருத்தவில்லை. மறுநாள் காலை ஆழாக்கு அளக்கும்போது, "நேத்துச் சந்தையில தக்காளி எவ்வளவுக்கு வாங்குனேன்?" என்று பேச்சுவாக்கில் எடுத்தேன். கணக்கை அங்கே பேசிக்கொண்டோம். பேசாத பிள்ளைகளையும் இப்படி உள்ளே கொண்டுவரலாம். நான் சொன்ன பீகார்ப் பையனுக்கு அப்போது தமிழ் அவ்வளவாக வராது. மூட்டை தூக்குகிற வேலையைக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டு போனான். மையத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி அவன் சொன்ன முதல் தமிழ் வார்த்தை அதுதான்.

யார் என்ன வேஷம் எடுப்பது என்பதில் ஒரு கண் வையுங்கள். பையன்களே கடைக்காரராகவும் பெண்பிள்ளைகளே சமைப்பவராகவும் நின்றுவிட்டால், அடுத்த நாள் ஊதாங்குழலை ஒரு பையனிடமும் டிராக்டர் சாவியை ஒரு பெண்ணிடமும் கொடுத்துத் தொடங்குங்கள். அப்பா செய்கிற வேலையைப் பார்த்துப் பிள்ளைக்கு வேலை கொடுக்காதீர்கள். "உங்க அப்பா கூட்டுற வேலைதானே, நீ கூட்டு" என்று ஒரு பெரியவர் வேடிக்கையாகச் சொன்னது என் காதில் விழுந்தது. அதைச் சும்மா விடக் கூடாது, அங்கேயே நிறுத்த வேண்டும். நான் துடைப்பத்தை வாங்கி நானே கூட்டினேன், அப்புறம் முறை வைத்து எல்லாப் பிள்ளைகளும் கூட்டினார்கள்.

மற்றப் பண்டிகைகளுக்கு

முறை இதேதான், காட்சி மட்டும் மாறும். ரம்ஜான் ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னால் நகர்ந்து வரும், அதனால் போன வருட நாட்காட்டியை நம்பாதீர்கள். நோன்புக் கஞ்சிக்குப் பெரிய அண்டாவும் வரிசையாகத் தூக்குப் போசியும் போதும். வரிசையில் நிற்பதும் ஊற்றுவதும்தான் விளையாட்டு. ஒரு பிள்ளையின் அம்மா நிஜக் கஞ்சி கொண்டுவந்து தந்தால் இன்னும் நல்லது. கிறிஸ்துமஸுக்கு வைக்கோலும் அட்டைப் பெட்டியும் கொடுத்தால் மாட்டுத்தொழுவம் கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் தொழுவத்துப் பொம்மைக் குழந்தையைத் தூங்க வைப்பதிலேயே ஒரு மணி நேரம் ஓடும். நவராத்திரிக் கொலுவில் செட்டியார் பொம்மைக்கு முன்னால் பருப்பும் அரிசியும் வைத்துக் கடை போட்டிருப்பார்களே, அது சந்தைக்கு நேர் வழி. ஆயுத பூஜைக்கு ஸ்பேனரும் தையல் மெஷின் படமும் ஈரத்துணியும் போதும், எல்லாவற்றையும் துடைத்துத் தள்ளுவார்கள். தீபாவளிக்குப் பிறகு ஆறாம் நாள் சத் பூஜை வருகிறது. பீகார்க் குடும்பங்கள் இருந்தால் அந்த அம்மாவிடம் தேகுவா பலகாரத்துக்கு மாவு பிசையக் கற்றுக்கொள்ளுங்கள். நாம் கற்றுக்கொள்வதை அவர் பிள்ளை பார்க்கட்டும்.

எந்தப் பண்டிகையிலும் பிள்ளைகளைப் பூஜை செய்யச் சொல்லி நிற்க வைக்காதீர்கள். சமையலும் கடையும் பயணமும் எல்லாருக்கும் பொது, சாமி அவரவர் வீட்டில் இருக்கட்டும்.

பெற்றோரும் போட்டோவும்

"எம் பொண்ணு மேடை ஏறலையா?" என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், அவர்களுக்கும் ஆசை இருக்கும். விழா மேடைக்குப் பதிலாக, லீவுக்குப் பிறகு சந்தை நடக்கும் ஒரு நாள் அவர்களையே உள்ளே கூப்பிடுங்கள். கையில் நாலு அட்டைத் துண்டு கொடுத்து, "உங்க பொண்ணு கடையில போய் வாங்குங்க" என்று அனுப்புங்கள். கட்டட வேலையிலிருந்து நேராக வந்த ஒரு அப்பா, சிமெண்ட் படிந்த கையோடு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மகளிடம் துணித் தக்காளிக்குப் பேரம் பேசினார். அப்புறம் அவர் டான்ஸைப் பற்றிக் கேட்கவே இல்லை. மூன்று வயதில் மாறுவேடப் போட்டியும் பரிசும் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வாடகைக்கு எடுத்த உடையில் வியர்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளை எதையும் பாவனை செய்வதில்லை, கழற்றும் நேரத்துக்காகக் காத்திருக்கிறது.

போட்டோ எடுப்பதாக இருந்தால் பெற்றோரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிட்டு, "இங்க பாரு, சிரி" என்று சொல்லாமல் எடுங்கள்.

எப்போது கலைப்பது

தேதி வைத்துக் கலைக்காதீர்கள். இரண்டு வாரத்தில் ஆர்வம் குறையும், அல்லது விளையாட்டே வேறொன்றாக மாறும். அதுவரை தினமும் நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: யார் என்ன வேஷம் எடுத்தார்கள், புதிதாக என்ன வார்த்தை சொன்னார்கள். அடுத்த மாதம் பெற்றோரிடம் பேசவும், அடுத்த பண்டிகைக்குச் சாமான் சேர்க்கவும் அது உதவும். முடிந்ததும் துணிக் காய்களைத் துவைத்து வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டுச் சாக்கில் கட்டிவையுங்கள்.

போன வருடம் எங்கள் சந்தை பத்தாம் நாள் பஸ் ஸ்டாண்டாக மாறிவிட்டது. முறம் ஸ்டீயரிங் ஆனது, காய்க்கூடைகள் எல்லாம் சீட்டாயின. "மதுரை, மதுரை, மதுரை" என்று நேற்றைய தக்காளிக்காரர் வாசலில் தொங்கினார். நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு பின்சீட்டில் போய் உட்கார்ந்தேன்.